மர வளையங்களில் பழைய மழையைப் படிப்பது எப்படி?

மரத்தை அறுத்தால் உள்ளே வளையங்கள் தெரியும், அவற்றை எண்ணினால் மரத்தின் வயது தெரிந்துவிடும், வளையம் அகலமாக இருந்தால் அந்த ஆண்டு நல்ல மழை, குறுகியிருந்தால் வறட்சி என்று பள்ளியில் படித்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையைக் கடந்து டெல்டாவின் மரங்களைச் சாய்த்த பிறகு, விழுந்த மரங்களுக்கு வயது சொல்லும் பேச்சும், கோயில்களின் தல விருட்சங்களுக்கு ஆயிரம் ஆண்டு, இரண்டாயிரம் ஆண்டு என்று கணக்குச் சொல்லும் பேச்சும் நம் ஊர்களில் இன்னும் அதிகமாகிவிட்டன.

பள்ளியில் படித்த அந்தப் பாடம் பொய்யல்ல; ஆனால் பாதியில் நின்றுவிட்ட பாடம். எல்லா மரத்திலும் ஆண்டுக்கு ஒரு வளையம் விழுவதில்லை. வளையத்தின் அகலம் எப்போதும் மழையைக் குறிப்பதுமில்லை. தனி ஒரு மரத்தை மட்டும் நம்பி எந்த ஆய்வாளரும் பழைய காலநிலையைப் பற்றிப் பேசுவதில்லை. ஆற்றுநீரையும் பருவமழையையும் நம்பி வாழும் டெல்டா மக்களுக்கு இந்த விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொள்வது வெறும் பொது அறிவுக்காக மட்டும் அல்ல. இந்திய வானிலை ஆய்வுத் துறை தொடங்கப்பட்டது 1875-இல். மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டது 1934-இல். அதற்கு முந்தைய நூற்றாண்டுகளில் காவிரி எத்தனை முறை வறண்டது, தொடர்ந்து எத்தனை ஆண்டுகள் வறண்டது என்ற கேள்விக்கு மழைமானிகளும் அணைப் பதிவேடுகளும் பதில் தர முடியாது. மரங்கள் ஓரளவு தர முடியும்.

வளையம் எப்படி உண்டாகிறது?

மரத்தின் பட்டைக்குச் சற்று உள்ளே, மிக மெல்லிய, உயிருள்ள படலம் ஒன்று தண்டைச் சுற்றி இருக்கிறது. இதற்குக் கேம்பியம் என்று பெயர். இந்தப் படலம் உட்பக்கமாகக் கட்டையையும் வெளிப்பக்கமாகப் பட்டையையும் உருவாக்கிக்கொண்டே இருப்பதால்தான் மரம் பருக்கிறது. ஆகவே மரத்தின் நடுவில் இருப்பது மிகப் பழைய கட்டை. பட்டையை ஒட்டி இருப்பது இந்த ஆண்டின் கட்டை. ஒருமுறை உருவான கட்டை பிறகு அகலமாவதுமில்லை, சுருங்குவதுமில்லை.

கேம்பியம் ஆண்டு முழுவதும் ஒரே வேகத்தில் வேலை செய்தால் வளையமே தெரியாது. வளையம் தெரிவதற்குக் காரணம், ஆண்டில் ஒரு பருவத்தில் வளர்ச்சி நின்றுபோவதுதான். தேக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வறண்ட மாதங்களில் அது இலைகளை உதிர்த்துவிட்டு ஓய்ந்து நிற்கும். அப்போது கேம்பியமும் ஓய்ந்திருக்கும். கோடை மழை தொட்டுப் புதுத் தளிர் விடும்போது, வேரிலிருந்து உச்சிக்கு நீரை விரைவாக ஏற்றுவதற்காக அகன்ற குழாய்களைக் கொண்ட கட்டையை உருவாக்கும். இது முன்பருவக் கட்டை. பருவம் முதிர முதிரக் குழாய்கள் சிறுத்து, கட்டை அடர்த்தியாகி, நிறமும் கருக்கும். இது பின்பருவக் கட்டை. முன்பருவக் கட்டையும் பின்பருவக் கட்டையும் சேர்ந்த ஒரு சுற்றுதான் ஆண்டு வளையம்.

இதை மரவாடியிலேயே பார்த்துவிடலாம். தேக்குக் கட்டை ஒன்றின் வெட்டுமுகத்தை உப்புத்தாளால், முதலில் முரடானதாலும் பிறகு நைசானதாலும், ரம்பத்தின் கீறல் மறையும்வரை தேய்த்து, ஈரத்துணியால் துடைத்தால், வெளிறிய வளைகோடு ஒன்றில் பெரிய துளைகள் வரிசையாக அமைந்திருப்பது வெறுங்கண்ணுக்கே தெரியும். அந்த வரிசையிலிருந்து வெளிப்பக்கம் போகப் போகத் துளைகள் சிறுத்து மறைந்து, சட்டென்று அடுத்த பெருந்துளை வரிசை தொடங்கும். அந்தச் சட்டென்ற எல்லைதான் ஓராண்டு முடிந்து அடுத்த ஆண்டு தொடங்கிய இடம். நடுவில் கருத்துத் தெரியும் வைரமும் அதைச் சுற்றி வெளுத்துத் தெரியும் வெள்ளையும் வளையங்கள் அல்ல. அவை முதிர்ந்த கட்டையும் இளங்கட்டையும் மட்டுமே. இரண்டிலும் பல வளையங்கள் அடங்கியிருக்கும்.

ஆக, வளையத்தை உண்டாக்குவது வளர்ச்சி மட்டுமல்ல, வளர்ச்சிக்கு நடுவே வரும் ஓய்வும்தான். ஓய்வு ஆண்டுக்கு ஒருமுறை ஒழுங்காக வரும் மரத்தில்தான் வளையம் ஆண்டுக் கணக்காகிறது.

தென்னைக்கும் பனைக்கும் வளையம் இல்லை

டெல்டாவில் கண்ணில் படும் மரங்களில் பெரும்பாலானவை இந்த ஆய்வுக்கு உதவாதவை. தென்னை, பனை, மூங்கில் ஆகியவற்றில் மேலே சொன்ன கேம்பியம் கிடையாது. அவற்றின் தண்டு ஆண்டுதோறும் சுற்றுச் சுற்றாகப் பருப்பதில்லை. வெளிப்புறம் உறுதியாக இருக்கும்; உட்புறம் தென்னையிலும் பனையிலும் நார் நிறைந்து மென்மையாகவும், மூங்கிலில் கணுக்களுக்கு இடையே வெற்றிடமாகவும் இருக்கும். வெளியே வைரம் உடையவை புல், உள்ளே வைரம் உடையவை மரம் என்று தொல்காப்பியத்தின் மரபியல் வகுத்திருப்பது, தாவரவியல் இன்று சொல்லும் இதே வேறுபாட்டோடு பெரிதும் ஒத்துப்போகிறது. அந்தக் கூர்ந்த பார்வையை எத்தனை முறை பாராட்டினாலும் தகும்.

தென்னை மரத்தின் மேல் வரிவரியாகத் தெரிபவை மட்டைகள் விழுந்த தழும்புகள். நல்ல நிலையில் உள்ள தென்னை ஆண்டுக்குச் சுமார் பன்னிரண்டு மட்டைகள் விடும் என்பதால், தழும்புகளை எண்ணி மரத்தின் வயதைத் தோராயமாகச் சொல்லலாம். அதற்கு மேல் அந்தத் தழும்புகளிலிருந்து மழைக் கணக்கை எடுக்க முடியாது.

மா, ஆல், அரசு, பூவரசு போன்றவை கேம்பியம் உடைய மரங்கள்தாம். ஆனால் குளிரால் வளர்ச்சி நிற்காத நம் சமவெளியில், நிலத்தடி நீர் கைக்கெட்டும் இடத்தில், அவை ஆண்டுக்கு ஒருமுறை ஒழுங்காக ஓய்வதில்லை. வளையம் மங்கலாக இருக்கும். சில ஆண்டுகளில் இரண்டு விழும், சில ஆண்டுகளில் ஒன்றும் விழாது. மேலும், மிகப் பழைய மரங்கள் பலவற்றின் நடுப்பகுதி பொந்தாகிப் போயிருக்கும். எனவே தல விருட்சங்களுக்குச் சொல்லப்படும் வயதை வளையத்தைக் கொண்டு மெய்ப்பிப்பது பெரும்பாலும் நடக்காத காரியம்.

தலைமடை மரமும் கடைமடை மரமும்

இனி, அகலமான வளையம் என்றால் நல்ல மழை என்ற கருத்துக்கு வருவோம். இதைப் புரிந்துகொள்ள டெல்டாக்காரருக்கு வேறெங்கும் போக வேண்டியதில்லை. வாய்க்காலின் தலைமடையில் உள்ள வயலில் ஆற்றில் நீர் குறைந்த ஆண்டிலும் ஓரளவு விளைந்துவிடும். கடைமடை வயல் அப்படியல்ல; ஆற்றில் நீர் குறைந்தால் முதலில் காய்வது அதுதான். பழைய ஆண்டுகளில் ஆற்றில் எவ்வளவு நீர் வந்தது என்பதை விளைச்சல் கணக்கை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டுமானால், தலைமடைக் கணக்கைப் பார்த்துப் பயனில்லை, கடைமடைக் கணக்கைத்தான் புரட்ட வேண்டும்.

மரத்துக்கும் இதுவே விதி. வளர்ச்சிக்கு நீர், வெயில், வெப்பம், சத்து எனப் பலவும் வேண்டும். இவற்றுள் எது மிகவும் பற்றாக்குறையோ அதுவே வளர்ச்சியின் அளவைத் தீர்மானிக்கிறது. அதை வரையறுக்கும் காரணி என்கிறார்கள். மழையைத் தவிர வேறு நீர் இல்லாத மலைச்சரிவில், மண் ஆழமில்லாத இடத்தில் நிற்கும் தேக்குக்கு வரையறுக்கும் காரணி நீர். அங்கே குறுகிய வளையம் வறட்சியைச் சொல்லும். அது கடைமடை மரம். தஞ்சைப் பகுதியில் வனத்துறை வாய்க்கால் கரைகளில் நட்டு வளர்த்த தேக்கும் அதே இனம்தான்; ஆனால் அதன் காலடியில் ஆண்டில் பல மாதங்கள் ஆற்றுநீர் ஓடுகிறது. அது தலைமடை மரம். அதன் வளையங்கள் ஏறக்குறைய ஒரே அகலத்தில் விழும். அப்படி விழாத இடத்திலும் வாய்க்காலில் நீர் விட்ட கணக்கைத்தான் அது அதிகம் காட்டுமே தவிர, மேலே பெய்த மழையை அல்ல.

குளிர்நாடுகளில் நிலைமை வேறு. உயர்ந்த மலைகளிலும் வடதுருவத்தை நெருங்கிய காடுகளிலும் ஈரத்துக்குக் குறைவில்லை, வெப்பத்துக்குத்தான் குறைவு. அங்கே குறுகிய வளையம் குளிர்ந்த கோடையைக் குறிக்கும். 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்து வானில் பரப்பிய துகள்கள் வெயிலை மறைத்ததால், 1816-ஆம் ஆண்டு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலும் கோடையே இல்லாத ஆண்டாகப் பெயர்பெற்றது. வெப்பம் குறைந்த அந்தப் பருவத்தின் தடம் வடக்குக் காடுகளின் வளையங்களில் பதிந்திருக்கிறது.

ஆக, குறுகிய வளையம் முதலில் சொல்வது மரத்துக்கு ஏதோ ஒன்று போதவில்லை என்பதை மட்டுமே. அது எது என்பதை மரம் நிற்கும் இடத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

எண்ணினால் போதாது, ஒப்பிட வேண்டும்

வளையத்தை எண்ணுவது எளிது. ஒவ்வொரு வளையத்துக்கும் சரியான ஆண்டைச் சூட்டுவதுதான் கடினம். பருவத்தின் நடுவே மழை நீண்ட நாள் விட்டுப்போய் மீண்டும் பெய்தால், மரம் இடையில் ஓய்ந்து, பிறகு வளர்ந்து, ஓராண்டுக்குள்ளேயே இரண்டு வளையம் போலக் காட்டும். இது பொய்வளையம். கடும் வறட்சி ஆண்டில் தண்டின் ஒரு பக்கத்தில் வளையம் விழாமலே போவதும் உண்டு. இது விடுபட்ட வளையம். இரு பருவமழைகள் உள்ள தென்னிந்தியாவில் பொய்வளையம் வருவதற்கு வாய்ப்பு அதிகம். நூறு வளையத்தில் இரண்டு தவறினாலும் அதற்கு முந்தைய எல்லா ஆண்டுகளும் இரண்டு தள்ளிப்போகும். பஞ்ச ஆண்டு செழிப்பான ஆண்டாகிவிடும்.

இதற்குத் தீர்வு குறுக்கு ஒப்பீடு. ஒரே காட்டில் நிற்கும் மரங்கள் எல்லாம் ஒரே மழையைக் கண்டவை. ஆகவே குறுகல், அகலம், அகலம், மிகக் குறுகல் என்ற வரிசை ஒரு மரத்தில் இருந்தால் பக்கத்து மரங்களிலும் இருக்க வேண்டும். ஒரு மரத்தில் மட்டும் வரிசை ஒன்று தள்ளிப்போனால், அங்கே பொய்வளையமோ விடுபட்ட வளையமோ ஒளிந்திருக்கிறது என்று பொருள். ஆய்வாளர்கள் ஒவ்வோர் இடத்திலும் பல மரங்களை, ஒவ்வொரு மரத்திலும் குறைந்தது இரண்டு பக்கங்களை எடுத்துக்கொள்வது இதற்காகத்தான். இதற்காக மரத்தை வெட்ட வேண்டியதில்லை. உள்ளீடற்ற துரப்பணக் கருவி ஒன்றை மார்பு உயரத்தில் திருகி உட்செலுத்தி, பென்சிலைவிட மெல்லிய கட்டைக் குச்சி ஒன்றை வெளியே எடுப்பார்கள். அதில் பட்டை முதல் நடுப்பகுதிவரை எல்லா வளையங்களும் சிறு கோடுகளாகக் கிடைக்கும்.

இந்த முறையை அறிவியலாக வளர்த்தவர் ஒரு வானியலாளர் என்பது வியப்பான செய்தி. அமெரிக்காவின் ஏ. இ. டக்ளஸ், சூரியப் புள்ளிகளின் பதினோராண்டுச் சுழற்சி பூமியின் மழையைப் பாதிக்கிறதா என்று அறிய விரும்பி, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரிசோனாவின் பைன் மரங்களை ஆராயத் தொடங்கினார். உயிருள்ள மரங்களின் உட்புற வளையங்களை, பழங்குடிகளின் பழைய கட்டடங்களில் இருந்த உத்தரங்களின் வெளிப்புற வளையங்களோடு பொருத்திப் பொருத்தி, கணக்கைப் பின்னோக்கி நீட்டினார். இடையில் ஓர் இடைவெளி நெடுங்காலம் நிரம்பாமல் கிடந்தது. 1929-இல் கிடைத்த கருகிய உத்தரத் துண்டு ஒன்று அதை இணைத்ததும், அதுவரை வயது தெரியாதிருந்த பல கட்டடங்களுக்கு ஆண்டு கிடைத்தது. அவர் 1937-இல் அரிசோனா பல்கலைக்கழகத்தில் நிறுவிய மரவளைய ஆய்வகம் இன்றும் இயங்குகிறது.

அகலத்திலிருந்து மழைக்கு

ஆண்டு சரியாகத் தெரிந்த பிறகும் அளவுகோலில் வரும் மில்லிமீட்டரை நேரே மழை மில்லிமீட்டராக மாற்றிவிட முடியாது. முதலில் மரத்தின் வயதால் வரும் மாற்றத்தை நீக்க வேண்டும். தண்டு பருக்கப் பருக்கச் சுற்றளவு கூடுவதால், அதே அளவு கட்டையை மரம் உருவாக்கினாலும் அது மெல்லிய வளையமாகப் பரவும். இதைக் கவனிக்காமல் பார்த்தால், உலகத்தில் மழை ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருவதாகத் தோன்றும். எனவே ஒவ்வொரு மரத்துக்கும் வயதுக்கேற்ற எதிர்பார்ப்பு அகலத்தைக் கணக்கிட்டு, உண்மை அகலம் அதைவிடக் கூடுதலா குறைவா என்று பார்க்கிறார்கள். பிறகு எல்லா மரங்களின் சராசரியை எடுக்கிறார்கள். ஒரு மரத்துக்கு மட்டும் நேர்ந்த பூச்சித் தாக்குதல், முறிந்த கிளை, பக்கத்து மரத்தின் நிழல் ஆகியவை அந்தச் சராசரியில் கரைந்து, எல்லா மரங்களுக்கும் பொதுவான மழையின் தடம் எஞ்சுகிறது.

அடுத்தது அளவீடு. மழைமானிப் பதிவு உள்ள ஆண்டுகளில் ஒரு பகுதியை எடுத்து, எந்த மாதங்களின் மழையோடு வளையம் ஒத்துப்போகிறது என்று கணக்கிட்டு ஒரு சமன்பாடு அமைப்பார்கள். மீதிப் பகுதியை வேண்டுமென்றே ஒதுக்கி வைத்து, அந்தச் சமன்பாடு அதைச் சரியாகச் சொல்கிறதா என்று சோதிப்பார்கள். இந்தச் சோதனையில் தேறிய பிறகே மழைமானி இல்லாத நூற்றாண்டுகளுக்கு அதைப் பயன்படுத்தலாம். இந்தத் துறையின் நேர்மை இந்தச் சோதனையில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

இவ்வளவுக்குப் பிறகும் கிடைப்பது ஒரு பருவத்தின் மொத்த ஈரநிலை பற்றிய மதிப்பீடே. எந்த வாரம் மழை பெய்தது, எந்த நாள் புயல் வந்தது என்பதை வளையத்தின் அகலம் சொல்லாது. நாள்தோறும் மாறுவது வானிலை; பல பத்தாண்டுகளின் பொதுப்போக்கு காலநிலை. வளையம் முதலாவதைவிட இரண்டாவதை நன்றாகச் சொல்லும்.

காவிரிக்கு எந்த மரம் சாட்சி?

டெல்டாவில் நம்பத்தக்க மரங்கள் குறைவு என்றாலும், டெல்டாவுக்கு வரும் நீர் பிறக்கும் இடத்தில் அவை இருக்கின்றன. காவிரி குடகில் பிறக்கிறது. அதன் துணையாறான கபினி வயநாட்டில் பிறக்கிறது. இரண்டையும் நிரப்புவது ஜூன் முதல் செப்டம்பர்வரை மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்யும் தென்மேற்குப் பருவமழை. அந்த மலைத்தொடரின் காடுகளில் தேக்கு இயற்கையாக வளர்கிறது. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கேரளத் தேக்குகளின் வளையங்களைக் கொண்டு 1481 முதல் 2003 வரை 523 ஆண்டுகளுக்கான தொடரை உருவாக்கி 2010-இல் வெளியிட்டார்கள். பருவமழை குறைந்த ஆண்டுகளில் அந்தத் தேக்குகள் குறுகிய வளையம் இட்டிருக்கின்றன. அவற்றில் பல எல்நினோ ஆண்டுகளோடு ஒத்துப்போகின்றன. எல்நினோ என்பது பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் வழக்கத்தைவிட வெப்பமடையும் நிலை. அத்தகைய ஆண்டுகளில் நம் தென்மேற்குப் பருவமழை நலிவடைய வாய்ப்பு அதிகம்.

அதே 2010-இல் அமெரிக்க மரவளைய ஆய்வாளர் எட்வர்ட் குக்கின் குழுவினர் ஆசியா முழுவதிலும் 300-க்கும் மேற்பட்ட மரவளையத் தொடர்களை இணைத்து, சுமார் 700 ஆண்டுகளுக்கு, ஆண்டுவாரியான வறட்சி வரைபடங்களை வெளியிட்டார்கள். அவற்றில் 1790 முதல் 1796 வரையிலான வறட்சியும் 1876 முதல் 1878 வரையிலான வறட்சியும் தெளிவாகத் தெரிகின்றன. இரண்டாவது, நம் கிராமங்களில் தாது வருஷப் பஞ்சம் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வரும் அதே கொடுமை. 1756 முதல் 1768 வரை நீண்ட இன்னொரு வறட்சியும் அந்த வரைபடங்களில் பதிந்திருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். டெல்டாவின் வானத்திலிருந்து விழும் மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர்வரை வரும் வடகிழக்குப் பருவமழை. மலைத்தேக்கும் மேற்சொன்ன வரைபடங்களும் முதன்மையாகப் பேசுவது தென்மேற்குப் பருவமழையை. இந்த இரண்டும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவதில்லை. எல்நினோ ஆண்டுகளில் தென்மேற்கு நலிந்து, தமிழகத்தில் வடகிழக்கு வலுப்பதே அடிக்கடி காணப்படுவது. 1876-இல் இரண்டுமே பொய்த்ததால்தான் பஞ்சம் அவ்வளவு கொடியதாயிற்று. ஆகவே வயநாட்டுத் தேக்கில் ஒரு குறுகிய வளையத்தைக் கண்டால், அந்த ஆண்டு காவிரியில் நீர் குறைந்திருக்கலாம், குறுவைக்கும் சம்பாவுக்கும் தண்ணீர் தட்டியிருக்கலாம் என்று கருதலாம். நாகப்பட்டினத்தில் ஐப்பசி மழை பொய்த்தது என்று அதைக் கொண்டு சொல்லக்கூடாது.

ஆக, ஆற்றுநீருக்கு மலைமரம் சாட்சி. ஐப்பசி மழைக்கு அதே மரத்தை முழுமையான சாட்சியாக ஏற்க இயலாது.

பழைய வீட்டு உத்தரங்கள்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்து ஊர்களில் பழைய ஓட்டு வீடுகள் இடிக்கப்படும்போது உத்தரங்களும் தூண்களும் நிலைகளும் மரவாடிக்குப் போகின்றன. அவற்றில் பல தேக்கு; மலபாரிலிருந்து வந்ததும் உண்டு, கப்பலில் பர்மாவிலிருந்து வந்ததும் உண்டு. டக்ளஸ் உத்தரங்களைக் கொண்டு செய்ததை இவற்றைக் கொண்டும் முயலலாம். ஒரு துண்டின் வளைய வரிசை கேரளத் தேக்கின் தொடரோடு பொருந்துகிறதா, பர்மாத் தேக்கின் தொடரோடு பொருந்துகிறதா என்று பார்த்தால் அது எந்தக் காட்டு மரம் என்பதற்கே ஒரு தடயம் கிடைக்கும். இந்தத் துண்டுகள் அறுபட்டுப் புதுக் கதவுகளாகிவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

அப்படிக் கிடைக்கும் ஆண்டு மரம் வளர்ந்த காலத்தைச் சொல்லுமே தவிர, வீடு கட்டிய காலத்தை நேரே சொல்லாது. பூச்சி அரிக்கும் என்று ஆசாரி வெள்ளையைச் செதுக்கி எறிந்திருப்பார். அதோடு கடைசிப் பல ஆண்டுகளின் வளையங்களும் போயிருக்கும். அப்போது, எஞ்சிய கடைசி வளையத்தின் ஆண்டுக்குப் பிறகு எப்போதோ மரம் வெட்டப்பட்டது என்று மட்டுமே சொல்ல இயலும். வீடு இடிப்பவர்கள் ஒரு துண்டை எடுத்து வைக்க விரும்பினால், உத்தரத்தின் முனையிலிருந்து, வெள்ளை சிறிதாவது ஒட்டியிருக்கும் இடமாகப் பார்த்து, குறுக்காக அறுத்து, ஊரையும் வீட்டில் அது இருந்த இடத்தையும் அதன் மேலேயே எழுதி, வெயில் படாமல் உலரவிட வேண்டும். மெல்லிய கைமரங்களைவிடப் பருத்த உத்தரமே ஏற்றது. ஐம்பது வளையங்களுக்குக் குறைந்த துண்டை எந்தத் தொடரோடும் உறுதியாகப் பொருத்துவது கடினம்.